க்யூ நேராக வர வீட்டிலேயே பழக முடியுமா?

மார்ச் 2

கேள்வி: வாரத்துக்கு ஒரு நாள் பூல் (டேபிளில் கோலால் பந்தை அடித்துப் பாக்கெட் என்ற குழியில் தள்ளும் ஆட்டம்) ஆடப் பார்லர் போகிறேன். அதற்கு மேல் கட்டுப்படியாகாது. வீட்டில் பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் வாயில் க்யூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, விட்டு எடுத்துப் பழகச் சொன்னார்கள். பழகினேன். இப்போது பாட்டிலில் இடிக்காமல் போகிறது. டேபிளுக்குப் போனால் பழையபடி கோணல்தான். பந்தும் டேபிளும் இல்லாமல் ஸ்ட்ரோக் (க்யூவைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி அடிப்பது) பழகுவதெல்லாம் சும்மா என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டா?

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதிதான். பாட்டில் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

குளிர்பான பாட்டிலின் வாய் உட்புறம் ஏறக்குறைய 22 மி.மீ. பூல் க்யூவின் டிப், அதாவது பந்தைத் தொடுகிற நுனி, பெரும்பாலும் 12, 13 மி.மீ. ஆக இரண்டு பக்கமும் நாலரை மி.மீ. சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளிக்குள் க்யூ பாம்பு மாதிரி நெளிந்து போனாலும் பாட்டில் ஒரு வார்த்தை சொல்லாது. வெள்ளைப் பந்தை நடுவிலிருந்து நாலு மி.மீ. தள்ளி அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, கை கெட்டிக்காரத்தனமானது. இடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டால் எப்படியாவது இடிக்காமல் கொண்டுபோய்விடும். தோள் தப்பாக இருந்தால் மணிக்கட்டைத் திருப்பி ஈடுகட்டும், இடுப்பு மறித்தால் முழங்கையை வெளியே தள்ளும். பாட்டிலை வைத்துப் பழகுகிறவர்களில் பலர் பழகுவது இந்த ஈடுகட்டலைத்தான். பாட்டில் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும்வரை அது பலிக்கும். டேபிளில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிற்கிற இடம் மாறும்போது சாயம் வெளுத்துவிடும்.

ஆனால் வீட்டில் பழகவே முடியாது என்பதை ஏற்க மாட்டேன். பார்லரில் பந்து இருக்கிறது. பந்து இருந்தால் மனசு முழுக்க அது விழுந்ததா இல்லையா என்பதிலேயே இருக்கும். கை என்ன செய்தது என்று யாரும் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு மணிக்கணக்கில் காசு ஓடுகிறது. ஸ்ட்ரோக்கை மட்டும் கவனிக்க வீடுதான் தோதான இடம். எப்படி என்பதை அப்புறம் எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

மார்ச் 3

பாட்டிலை விடவே மாட்டேன் என்பவர்களுக்கு ஒரு வரி. ஒரு லிட்டர் பாட்டில் வேண்டாம். அதைப் படுக்கவைத்தால் வாயின் நடு டேபிளிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் வரும். பூல் பந்தின் விட்டம் 57 மி.மீ., அதன் நடு 28.5 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. உயரமான வாய்க்குள் விடுவதற்காகக் க்யூவை மேல் நோக்கித் தூக்கிப் பழகிவிடுவீர்கள். அரை லிட்டர் பாட்டில் ஓரளவு சரியாக வரும். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் துண்டை மடித்து வையுங்கள்.

ஸ்நூக்கர் க்யூ வைத்திருப்பவர்களுக்குப் பாட்டில் கொஞ்சம் நேர்மையான வாத்தியார். டிப் 9, 10 மி.மீ.தான், ஆனால் தண்டு பின்னால் போகப் போகப் பருத்துக்கொண்டே போகும். உள்ளே போகப் போக இடம் குறையும். பூல் க்யூவில் டிப்பிலிருந்து ஒரு அடி தூரம் தண்டு கிட்டத்தட்ட ஒரே பருமன்தான்.

மார்ச் 5

சரி, முறையாக ஆரம்பிக்கலாம். கையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், காலிலிருந்து ஆரம்பியுங்கள்.

வீட்டில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. டைல்ஸ் சேரும் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். டைனிங் டேபிளை அந்தக் கோட்டுக்கு நேராக இழுத்துப் போட்டு, கோடு டேபிளுக்கு அடியில் போய் மறுபக்கம் வருகிற இடம்வரை மேலே ஒரு நூலைக் கட்டுங்கள். இதுதான் உங்கள் ஷாட்டின் கோடு. தள்ளி நின்று கோட்டைப் பாருங்கள். வலது கைக்காரர் என்றால் வலது பாதத்தைக் கோட்டின் மேல் வையுங்கள். நேராகவும் வைக்கலாம், லேசாக வெளியே திருப்பியும் வைக்கலாம். அப்புறம் இடது காலை ஒரு எட்டு முன்னால், தள்ளி வைத்துவிட்டு, குனியுங்கள். குனிந்தபின் க்யூ கோட்டின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. க்யூவின் அடிப்பகுதி வெளியே தள்ளி நிற்கும், ஏனென்றால் அங்கே இடுப்பு இருக்கிறது. இந்த நிலையில் க்யூவை எவ்வளவு நேராக முன்னால் தள்ளினாலும் அது வேறு ஒரு கோட்டில்தான் நேராகப் போகும். இதைக் கை உணர்ந்து கடைசியில் உள்ளே இழுக்கும். "என் க்யூ கடைசியில் இடது பக்கம் வெட்டுகிறது" என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலை ஒரு சாண் இடம் மாற்றினால் போதும். கையில் கோளாறே இருக்காது.

இதற்குப் பந்து எதற்கு, டேபிள் எதற்கு? நிற்பது, குனிவது, பார்ப்பது, எழுவது, மறுபடி தள்ளிப் போய்த் திரும்பி வந்து நிற்பது. க்யூவை அசைக்கவே வேண்டாம். முதலில் சில நாள் இதை மட்டும் செய்தால் போதும் என்பேன்.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

லுங்கியில் பழகாதீர்கள். மடித்துக் கட்டிய முடிச்சில் க்யூ மாட்டும். சொன்னால் சிரிக்கிறார்கள்.

மார்ச் 9

கண்ணாடி முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் செய்யக்கூடியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நம் வீடுகளில் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ ஒன்று இருக்கும். டைனிங் டேபிளோ, படிக்கிற டேபிளோ, அதன் முன்னால் போடுங்கள். கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி டிப் வருகிற மாதிரி குனிந்து நில்லுங்கள். இப்போது கண்ணாடிக்குள் ஒரு க்யூ உங்கள் க்யூவை நோக்கி வருகிறது. உங்கள் க்யூ கண்ணாடிக்குச் செங்குத்தாக இருந்தால் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும், நடுவில் ஒரு சாண் இடைவெளி, அவ்வளவுதான். க்யூ ஒரு டிகிரி திரும்பினால் பிம்பமும் எதிர்ப்பக்கம் ஒரு டிகிரி திரும்பும். ஆக, கோடு ஒடிவது இரண்டு டிகிரி. கண்ணாடி உங்கள் பிழையை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது.

இப்போது மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். கோடு எங்கே ஒடிகிறது என்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருக்கும். எனக்குப் பின்னால் போய் நிற்கிற கடைசி இரண்டு அங்குலத்தில். அங்கே உள்ளங்கை க்யூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் கை பின்னால் போகப் போக மணிக்கட்டு க்யூவை வெளியே திருப்பியது. சுண்டுவிரலையும் மோதிர விரலையும் அந்த இடத்தில் தளர விட்டால் கோடு ஒடியாமல் நின்றது. இதைப் பாட்டில் எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை, ஏனென்றால் பாட்டிலுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

பாட்டில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கிறது, கண்ணாடி முழு நீளத்தையும் பார்க்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கண்ணாடியைக் குத்தி உடைத்தால் நான் பொறுப்பில்லை. டிப்புக்கு முன்னால் பழைய செருப்பு ஒன்றைத் தடுப்பாக வையுங்கள்.

மார்ச் 10

"டைனிங் டேபிளும் பூல் டேபிளும் ஒன்றா?" என்று ஒரு நண்பர் நக்கலடித்திருக்கிறார். உயரத்தில் ஒன்றுதான். உலகப் பூல் சங்கத்தின் விதிப்படி ஆடுதளம் தரையிலிருந்து 74.3 முதல் 78.7 செ.மீ. கடையில் வாங்குகிற டைனிங் டேபிள் பெரும்பாலும் 75 செ.மீ. சுற்றுவட்டாரம்தான். அளந்து பாருங்கள்.

ஸ்நூக்கர் ஆடுபவர்களுக்கு இது பத்தாது. அந்த டேபிளின் விளிம்பு 85 செ.மீ.க்கு மேலே. நாலு காலுக்கும் கீழே ஆளுக்கொரு செங்கல் வைத்தால் கிட்ட வரும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் சாம்பார்க் கிண்ணம் தாடைக்கு நேராக வந்தால் கேள்வி வரும்.

மார்ச் 14

எவ்வளவு நேராக இருந்தால் போதும் என்று யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

க்யூவால் அடிக்கிற வெள்ளைப் பந்துக்கும் அது போய் மோத வேண்டிய பந்துக்கும் ஒரு மீட்டர். அந்தப் பந்துக்கும் மூலைப் பாக்கெட்டுக்கும் ஒரு மீட்டர். எல்லாம் ஒரே கோட்டில். வெள்ளை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 டிகிரி விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரில் அது 1.75 மி.மீ. விலகும். அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் உருண்டையும் உருண்டையும் மோதும்போது அந்த 1.75 மி.மீ. விலகல் அடுத்த பந்தை 1.65 டிகிரி திருப்பிவிடும். பிழை பதினாறு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. பாக்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது பந்து 29 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். பாக்கெட் வாய் 114 முதல் 117 மி.மீ. வரை, பந்து 57. இரு பக்கமும் இருக்கிற இடமே 29 மி.மீ.தான். பந்து பாக்கெட்டின் உதட்டை உரசிக்கொண்டு நிற்கும்.

அந்த 0.1 டிகிரி கையில் எவ்வளவு? பிரிட்ஜுக்கும் (டேபிளில் ஊன்றி க்யூவைத் தாங்கும் கை) பிடிக்கும் கைக்கும் நடுவே 75 செ.மீ. என்றால், பின்கை பக்கவாட்டில் 1.3 மி.மீ. நகர்ந்தால் போதும். ஒரு நாணயத்தின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவு.

இதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். இவ்வளவு நுணுக்கத்தை முயற்சி செய்து வரவழைக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. உடம்பில் கோட்டைத் தடுக்கிற எதுவும் இல்லாதபடி நின்றுகொண்டு, கையைத் தொங்கவிட்டால் அதுவாகத்தான் வர வேண்டும்.

மார்ச் 16

முந்தாநாள் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறேன். யாராவது பிடிப்பதற்கு முன் நானே சேர்த்துவிடுகிறேன்.

அந்தக் கணக்கு, க்யூ எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் வெள்ளையும் போகும் என்று வைத்துப் போட்டது. ஆனால் பின்கை இடது பக்கம் நகர்ந்தால் டிப் வலது பக்கம் போகும், வெள்ளையின் நடுவை விட்டு வலது பக்கம் அடிக்கும். நடுவை விட்டு அடித்தால் பந்து க்யூ காட்டும் திசையில் போகாமல் எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். எனவே க்யூ வலது பக்கம் காட்டுகிறது, பந்து இடது பக்கம் ஒதுங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. பிரிட்ஜின் நீளமும் அந்தக் க்யூவின் தன்மையும் ஒத்துப்போனால் முழுசாகவே கழிந்துவிடும்.

ஆகவே கோணலாக அடித்தும் பந்து விழும்! பார்லரில் நேர் ஷாட் நாலைந்து தொடர்ந்து விழுந்தால் ஸ்ட்ரோக் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். விழுந்த பந்தை நம்பக்கூடாது, வெள்ளையைப் பாருங்கள். நேர் ஷாட்டில் ஸ்டாப் அடியுங்கள். வெள்ளை மோதிய இடத்தில் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் பம்பரம் சுற்றினால் பக்கவாட்டில் அடித்திருக்கிறீர்கள்.

வெள்ளையில் சுழல்வது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பட்டைப் பந்து ஒன்றை வெள்ளைக்குப் பதிலாக வைத்து, பட்டை ஷாட் கோட்டில் செங்குத்தாக நிற்கும்படி திருப்புங்கள். டிப்பில் புதிதாக நீலச் சாக் தடவி அடியுங்கள். அடித்தபின் பந்தை எடுத்துப் பார்த்தால் நீலப் புள்ளி பட்டையின் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று தெரியும். வாரம் ஒரு நாள் போகிறவர் முதல் பத்து நிமிடம் இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நிற்கட்டும்.

(மார்ச் 2இல் டேபிளே வேண்டாம் என்கிற தொனியில் எழுதியிருந்தேன். வேண்டும், கொஞ்சம் வேண்டும்.)

மார்ச் 22

பிடிப்பு.

எங்கள் பக்கம் பழைய கிளப்புகளில் மார்க்கர் என்று ஒருவர் இருப்பார். ஸ்கோர் எழுதுவது, பந்து அடுக்குவது, துணி துலக்குவது எல்லாம் அவர் வேலை. சம்பளப் பட்டியலில் அவ்வளவுதான். உண்மையில் அங்கே ஆடக் கற்றுக்கொண்ட எல்லாருக்கும் குரு அவர்தான். கோவையில் நான் ஆட ஆரம்பித்த இடத்தில் இருந்த மார்க்கர் அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் என் பின்னால் வந்து நின்றார். நான் அடிக்கப் போகும் நேரம் க்யூவின் அடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். க்யூ வரவில்லை, நான் வந்தேன். "தம்பி, க்யூவப் புடிச்சுத் தொங்காதீங்க. க்யூதானுங்க உங்க கையில தொங்கோணும்" என்றார்.

வீட்டில் இதைச் சோதிக்க ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் போதும். நீங்கள் குனிந்து நிற்கும்போது பின்னாலிருந்து க்யூவை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பில்லாமல் நழுவி வர வேண்டும். கீழே விழுவதற்கு முந்தின அளவு இறுக்கம் போதும்.

முழங்கைக்கு இன்னொரு சோதனை. கொத்தனார் தூக்குக்குண்டு போடுவது போல ஒரு நூலில் சாவியைக் கட்டி, சட்டைக் கையில் முழங்கை இருக்கும் இடத்தில் ஊக்கு குத்தித் தொங்கவிடுங்கள். டிப் பந்தைத் தொடுகிற இடத்தில் இருக்கும்போது முன்கை அந்த நூலோடு ஒட்டி இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி. பின்னாலிருந்து பார்த்தால் தோள், முழங்கை, மணிக்கட்டு, க்யூ எல்லாம் அதே நூலில். பின்னால் பார்க்கும்போதுதான் பலருக்குக் கை வெளியே விரிந்திருப்பது தெரியும், கோழி இறக்கை விரித்த மாதிரி. நூல் நீளமாக இருந்தால் சாவி தொடையில் இடிக்கும், முழங்கால்வரை விடாதீர்கள்.

மார்ச் 23

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "எஃப்ரென் ரெயஸ் இப்படியா அடித்தார்?"

இல்லை. பிலிப்பைன்ஸ்காரர் அவர், 1999இல் கார்டிஃபில் உலக நைன்பால் (ஒன்பது பந்துப் பூல்) பட்டம் வென்றவர். அவருடைய ஸ்ட்ரோக் நீளமாக, வளைந்து நெளிந்து போகும். அமெரிக்காவின் கீத் மெக்ரெடி இன்னும் மோசம், முன்கை முழுக்கப் பக்கவாட்டில் வீசும். பார்த்தால் கல்லெறிவது போல இருக்கும், பந்து பாக்கெட்டுக்குள் இருக்கும். சின்ன வயசிலிருந்து நாள் முழுக்க டேபிளிலேயே கிடந்தவர்கள் எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். அவர்களுடைய கை, பந்தைத் தொடுகிற அந்தக் கணத்தில் மட்டும் சரியாக வந்துவிடும். நமக்கு வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம். நமக்குத் தோதானது அலிசன் ஃபிஷர் வழி. இங்கிலாந்தில் ஸ்நூக்கர் ஆடிப் பட்டங்கள் வாங்கிவிட்டு 1995இல் அமெரிக்கா போய்ப் பூல் ஆட ஆரம்பித்தார். அந்த ஸ்நூக்கர் நிலையும் நேர் ஸ்ட்ரோக்கும் கூடவே போயின. பெண்கள் பூல் பல வருஷம் அவர் கையில்தான் இருந்தது. அவர் ஆட்ட வீடியோக்களில் அசைகிற பாகங்களை எண்ணிப் பாருங்கள். முன்கை ஒன்றுதான்.

ஏப்ரல் 4

வெயில் ஆரம்பித்துவிட்டது. கை வியர்த்து, பிரிட்ஜில் க்யூ ஒட்டிக்கொண்டு விட்டு விட்டு நகர்கிறது. கண்ணாடியில் பார்த்தால் கோடு நடுங்குவது தெரிகிறது. பார்லரில் ஏசி, அதனால் அங்கே இந்தத் தொல்லை தெரியாது. பவுடர் போட்டால் சரியாகும், ஆனால் அளவோடு. டைனிங் டேபிளில் பவுடர் கொட்டியதற்காக எனக்குக் கிடைத்த வசவு இங்கே எழுதத் தக்கதல்ல. ஈரத்துணியால் தண்டைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் பாதி பிசுக்கு போய்விடும். இரண்டு மூன்று விரலுக்கு மட்டும் உறை வரும் கையுறையும் நல்லதுதான், கூச்சம் இல்லாதவர்களுக்கு.

பிரிட்ஜ் பற்றிப் பேச்சு வந்ததால்: வீட்டில் பழகும்போது ஆள்காட்டி விரலை வளையமாக்கி க்யூவை உள்ளே விடுகிற மூடின பிரிட்ஜ் வேண்டாம். வளையம் க்யூவைத் தாங்கிப் பிடித்து, பக்கவாட்டு நடுக்கத்தை மறைத்துவிடும். கட்டைவிரலைத் தூக்கி அதன் பள்ளத்தில் க்யூவை வைக்கிற திறந்த பிரிட்ஜில் தப்பெல்லாம் மேலே வரும். ஆட்டத்தில் எதை வேண்டுமானாலும் வையுங்கள்.

ஏப்ரல் 6

"பார்லர் க்யூ எல்லாம் வளைந்து கிடக்கிறது, அதனால்தான் எனக்கு வரவில்லை" என்கிறவருக்கு: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் கூடமும் சில இடங்களில் கோணல்தான், மறுக்கவில்லை. க்யூவை எடுத்ததும் டேபிளில் உருட்டிப் பார்ப்பதைவிட, துப்பாக்கி பிடிப்பது போல அடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே சுழற்றுங்கள். வளைவு இருந்தால் நுனி ஆடும். லேசான வளைவு இருந்தால் அதை மேலே பார்க்க வைத்துப் பிடித்து ஆடலாம். அப்போது பக்கவாட்டில் பிழை வராது. சொந்தக் க்யூ என்றால் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், படுக்கையாகவோ நேராகத் தொங்கவிட்டோ வையுங்கள். ஜன்னலோரமும் மொட்டை மாடி அறையும் ஆகாது.

ஏப்ரல் 7

பேச்சு எங்கோ போய்விட்டது. ஸ்நூக்கருக்கும் ஊட்டிக்கும் தொடர்பு உண்டாமே என்று ஒருவர் கேட்டதால் மட்டும்: ஆமாம், உண்மைதான். ஸ்நூக்கர் 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரியால் ஆரம்பித்தது, 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டினார்கள். இங்கிலாந்துப் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு ஆள். ஊட்டிக்காரர்களுக்கு இதனால் ஸ்ட்ரோக் நேராக வருகிறதா என்றால், நான் ஆடிப் பார்த்தவரை வரவில்லை.

ஏப்ரல் 19

முதல் கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார்: கால் சரி, கண்ணாடியில் கோடு ஒடிவதில்லை, ஆனாலும் பார்லரில் நீளமான நேர் ஷாட் எப்போதும் ஒரே பக்கம் போகிறது. அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு.

ஒரே பக்கம் போனால் நல்ல சேதி. கை நேராகத்தான் வேலை செய்கிறது, கண் தப்பாகக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால்தான் கையைச் சந்தேகப்பட வேண்டும்.

மேலே கட்டிய நூல் இன்னும் இருக்கிறதா? அதன் கீழே கோட்டில் க்யூவை வைத்துக் குனிந்து, தலையை ஒரு விரல் அகலம் இடது பக்கம், வலது பக்கம் நகர்த்துங்கள். ஒரு இடத்தில் நூலும் க்யூவும் ஒன்றாகி நேராகத் தெரியும். மற்ற இடங்களில் க்யூ சாய்ந்திருப்பது போலத் தோன்றும். நேராகத் தெரிகிற இடம் சிலருக்குத் தாடையின் நடுவுக்குக் கீழே, சிலருக்கு ஒரு கண்ணுக்குக் கீழே. ஸ்நூக்கர் வீரர் ஜோ டேவிஸ் 1927 முதல் 1946 வரை பதினைந்து உலகப் பட்டம் வாங்கினார், அந்தப் போட்டியில் ஒரு முறைகூடத் தோற்கவில்லை. வலது கண் பார்வை மந்தம், க்யூ அவருக்கு இடது கண்ணுக்குக் கீழேதான் ஓடும். தாடையின் நடுவில்தான் க்யூ இருக்க வேண்டும் என்று சட்டம் போடுகிறவர்கள் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

தலைக்கு இடம் கிடைத்ததும் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், க்யூ முகத்தில் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று. அதுதான் உங்கள் இடம். ஷாட் எடுக்கும்போதெல்லாம் அங்கே வருகிற மாதிரி குனியப் பழகினால் போதும்.

ஏப்ரல் 20

கேள்வி கேட்டவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று கேட்க விட்டுப்போச்சு. போட்டிருந்தால் குனிந்து நிமிர்ந்து பார்க்கும்போது ஃபிரேமின் மேல் விளிம்பு கண்ணுக்குக் குறுக்கே வரும். தலையைத் தூக்குவோம், கழுத்து வலிக்கும், கடைசியில் எழுந்தபடியே அடிப்போம். நானும் கண்ணாடிக்காரன்தான். மூக்கில் உயரமாக உட்காரும்படி பின்பக்கம் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் சமாளிக்கலாம்.

மே 1

செல்போன் பற்றி. ஸ்லோமோஷன் இருந்தால் அதில் எடுங்கள், நொடிக்கு 120 படம் போதும், 240 இருந்தால் இன்னும் நல்லது. போனைக் கோட்டின் மறுமுனையில், க்யூவின் உயரத்திலேயே, நேர் எதிரே வையுங்கள். அரிசி டப்பாவில் சாய்த்து வைக்கலாம். மேலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு தரம் பின்னாலிருந்தும் எடுங்கள், முழங்கையைப் பார்க்க.

போன் காட்டுவது நடந்து முடிந்ததை. கண்ணாடி காட்டுவது நடந்துகொண்டிருப்பதை. கண்ணாடியில் மெதுவாகச் செய்யும்போது சரியாக இருந்து, வேகம் கூட்டினால் கெடுகிறது என்றால் அப்போது போனை எடுங்கள். வேகத்தில் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: பின்னால் போன க்யூ நிற்பதற்கு முன்பே முன்னால் இழுக்கிறோம். அந்தத் திருப்பத்தில் தோள் சேர்ந்து குதிக்கும். பின்னால் ஒரு நொடி நிறுத்திப் பழகினால் தோள் அடங்கும்.

மே 11

ஃபாலோ த்ரூ (பந்தை அடித்தபின்னும் க்யூ முன்னால் போவது) பற்றி இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவர் அதுதான் எல்லாம் என்கிறார். இன்னொருவர் டிப் பந்தைத் தொடுவதே ஆயிரத்தில் ஒரு நொடிதான், அதற்கப்புறம் க்யூ எங்கே போனால் பந்துக்கு என்ன என்கிறார்.

இரண்டாமவர் சொல்லும் பௌதீகம் சரி. பந்து போனபின் க்யூவுக்கு வேலையில்லை. ஆனால் முடிகிற இடத்தைப் பார்த்தால் வந்த வழி தெரியும். ஐந்தாறு அங்குலம் தாண்டிப் போய் க்யூ நூலின் கீழேயே நின்றால், தொட்ட நேரத்திலும் அது அங்கேதான் இருந்திருக்கும். பந்தைத் தொட்டதும் இழுத்துக்கொள்கிறவர் தொடுவதற்கு முன்பே இழுக்க ஆரம்பித்திருப்பார். அதனால் வீட்டில் பழகும்போது முடிந்த இடத்தில் அப்படியே சிலையாக நின்று, நூலைப் பாருங்கள். எழுந்திருக்காதீர்கள். பார்லரில் எழுந்துவிடுகிறோமே, அதற்குக் காரணம் பந்து விழுந்ததா என்று பார்க்கிற ஆவல்தான். வீட்டில் விழுவதற்கு ஒன்றுமில்லை.

மே 25

சில்லறைக் கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில்.

எவ்வளவு நேரம்? குக்கர் மூணு விசில் விடுகிற நேரம் போதும், தினமும் செய்வதாக இருந்தால். கவனம் போனபின் செய்கிற ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் கோணலைப் பழக்கும்.

க்யூ நீளம் இடம் பத்தவில்லை? பூல் க்யூ 58 அங்குலம். பின்னால் சுவரோ பீரோவோ இருந்தால் டேபிளைக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போடுங்கள், க்யூவின் அடி வாசல் வழியாகப் போய் வரட்டும். யாராவது அந்தப் பக்கம் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டைனிங் டேபிளில் ஒரே ஒரு பந்தையாவது வைத்து அடிக்கலாமா? ஜமக்காளம் விரித்தால் அதன் நெசவிலேயே பந்து திரும்பிவிடும், ஒன்றும் தெரியாது. கீழே விழுந்தால் டைல்ஸ் விரியும். எங்கள் வீட்டில் விரிந்த டைல்ஸ் அதே கோட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது, மாற்றுக்கு அதே நிறம் கடையில் கிடைக்கவில்லை. கீழ்த் தளத்துக்காரர் மாடியேறி வந்தது தனிக்கதை.

வேறு க்யூ வாங்கட்டுமா? இப்போது வேண்டாம். பட்டைப் பந்தில் நீலப் புள்ளி நடுவில் விழ ஆரம்பித்தபின் கேளுங்கள், எடை பற்றியும் டிப் பற்றியும் பேசுவோம்.